கண்ணைப் பார்க்கும் கேமராவும் நாலு ரூபாய்ப் பங்கும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் நண்பர் ஒருவரின் புதுக் காரை ஓட்டினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா. போனைக் குனிந்து பார்த்தால் உடனே சத்தம் போடுகிறது. இதை யார் செய்கிறார்கள் என்று தேடிப் போனதில் சீயிங் மெஷின்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியும், ஸ்வீடனின் ஸ்மார்ட் ஐ கம்பெனியும் தெரியவந்தன. தொழிற்சாலை கிடையாது, மென்பொருளை உரிமம் கொடுத்து, ஒரு காருக்கு இவ்வளவு என்று ராயல்டி வாங்குகிறார்கள். ஐரோப்பாவில் இந்தக் கேமராவுக்குச் சட்டமே வந்துவிட்டது. சீயிங் மெஷின்ஸ் பங்கு லண்டனில் சில பென்ஸ்தான், நம் கணக்கில் நாலைந்து ரூபாய்.

சீட்டுப் பணம் ஆறு லட்சம் கையில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் மைத்துனர் தன் கணக்கிலேயே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ராயல்டி என்றால் செலவே இல்லாத வருமானம்தானே? நான் எதையாவது பார்க்கத் தவறுகிறேனா? நீங்கள் வாங்குவீர்களா? (பெயரை வெளியிட வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணம் ஒருவருடைய பணமாக இருப்பதில்லை.

நான் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகன் அல்ல. இருபத்திரண்டு வருடம் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் குப்பை கொட்டியவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

‘செலவே இல்லாத வருமானம்’ என்கிறீர்கள். நீங்கள் கண்ட கேமரா செய்யும் வேலையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஓட்டுநரின் முகத்தில் அடித்து, இமை எவ்வளவு திறந்திருக்கிறது, விழி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நொடிக்குள் பலமுறை கணக்கிடுகிறது. பெரும்பாலான கறுப்புக் கண்ணாடியை அந்த ஒளி ஊடுருவிவிடும். ஆனால் எல்லாக் கண்ணாடியையும் அல்ல. சிறிய கண், ஒட்டவைத்த இமைமயிர், முகக்கவசம், பக்கவாட்டில் விழும் சாயங்கால வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்களை உட்காரவைத்துப் படம்பிடித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மாடலில் கேமரா ஸ்டியரிங் தண்டில் இருக்கும், இன்னொன்றில் பின்பார்வைக் கண்ணாடியில் இருக்கும். கோணம் மாறினால் வேலை மறுபடி முதலிலிருந்து. சிப் மாறினாலும் அப்படித்தான். இத்தனைக்கும் பொறியாளர் சம்பளம் இன்று போகிறது. ராயல்டியோ, அந்தக் கார் ஷோரூமுக்கு வந்து விற்றால்தான். ஆர்டர் கிடைத்ததற்கும் முதல் கார் உருள்வதற்கும் நடுவே இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக ஓடிவிடும் என்பது ஒரகடத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

சீயிங் மெஷின்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2000-ல் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கம்பெனி. 2005-ல் லண்டனில், சிறிய கம்பெனிகளுக்கான ஏஐஎம் சந்தையில் பட்டியலானது. ஜெனரல் மோட்டார்ஸ், கையை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்ற சூப்பர் க்ரூஸ் வசதியை கேடிலாக் சிடி6 காரில் கொண்டுவந்தது 2017-ல். ஓட்டுநர் சாலையைப் பார்க்கிறாரா என்று கவனித்தது இவர்களுடைய தொழில்நுட்பம். பட்டியலானதிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் கம்பெனியின் சம்பளப் பட்டியலுக்குப் பங்குதாரர் பணமும் பெரிய பங்கு போட்டது.

இந்த இடத்தில் எனக்கு மறக்காத ஒரு விஷயம் உண்டு. சீயிங் மெஷின்ஸ் நேராக ஜிஎம்முக்கு விற்கவில்லை. நடுவில் டியர் ஒன் சப்ளையராக, அதாவது கார் கம்பெனிக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பவராக, இருந்தது ஜப்பானின் தகாட்டா. அதே தகாட்டாதான். ஏர்பேக் வெடிக்கும் பிரச்சினையில் கோடிக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற நேர்ந்து, 2017 ஜூனில் திவாலானது. கான்பெராவில் உட்கார்ந்து கண்ணிமையை அளந்துகொண்டிருந்தவர்களுக்கும் ஏர்பேக்கில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவர்களுடைய ராயல்டி அந்தக் குழாய் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. 2018-ல் கீ சேஃப்டி சிஸ்டம்ஸ் தகாட்டாவின் பெரும்பகுதியை வாங்கி, ஜாய்சன் சேஃப்டி சிஸ்டம்ஸ் ஆனது. சூப்பர் க்ரூஸ் தொடர்ந்தது. தப்பியது. ஆனால் 2017 ஜூன் மாதத்தில் அந்தப் பங்கை வைத்திருந்தவரின் தூக்கத்தை எந்தக் கேமராவும் அளக்கவில்லை.

உரிமக் கம்பெனியின் நிலைமை இதுதான். கார் வாங்குபவருக்கும் இவர்களுக்கும் நடுவே கார் கம்பெனி, டியர் ஒன், சில நேரம் சிப் கம்பெனி என்று மூன்று கைகள். பணம் மேலிருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் காஸ்ட் டவுன். ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு 11 ரூபாய் 40 பைசா வாங்கிக்கொண்டிருந்தோம். வருடா வருடம் மூன்று சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மூன்றாவது வருடம் இனி முடியாது என்று சொல்லத்தான் போனேன். வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் மேலாளர் டீ வரவழைத்தார், பிஸ்கட்டைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார், பிறகு மெதுவாகக் கேட்டார்: “உங்க மோல்டு தேய்மானமெல்லாம் இந்நேரம் முடிஞ்சிருக்குமே சார்?” நான் ரப்பர் விலை, மின்கட்டணம், போனஸ் என்று ஏதேதோ சொன்னேன். 11 ரூபாய்க்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். எனக்காவது காட்ட ரப்பர் விலை இருந்தது. மென்பொருள் விற்பவரிடம் அந்த மேலாளர் என்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். “ஒரு தடவை எழுதியாச்சு, இனி உங்களுக்கு என்ன செலவு?” உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே கேள்வி. முதலீட்டாளரை மயக்கும் வாதமே பேரம் பேசுபவரின் கையில் கத்தியாக இருக்கிறது.

சட்டம் பற்றி. அது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பொதுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி ஓட்டுநரின் கவனச்சிதறலை எச்சரிக்கும் வசதி 2024 ஜூலை 7 முதல் புதிதாக அனுமதி பெறும் மாடல்களுக்கும், 2026 ஜூலை 7 முதல் பதிவாகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். ஆனால் அதற்கு முன்பே, 2022-லிருந்து, தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் வசதி புதிதாக அனுமதி பெறும் மாடல்களுக்குக் கட்டாயமானது. அப்போதும் இந்தப் பங்குகளை வாங்கியவர்கள் ‘சட்டம் வந்துவிட்டது’ என்றுதான் வாங்கினார்கள். தூக்கக் கலக்கத்தை ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே கணித்துவிடலாம், கேமரா தேவையில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. புது விதிக்கு விழி எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அதனால் கேமராவுக்கு வழி பிறக்கிறது. சரி, அப்படியும் சட்டம் கேமராவைத்தான் கொண்டுவருகிறது, சீயிங் மெஷின்ஸை அல்ல. கோத்தன்பர்க்கின் ஸ்மார்ட் ஐ அதே வாசலில் நிற்கிறது. முன்கண்ணாடிக் கேமராவுக்குச் சிப் விற்கும் பெரிய கம்பெனிகள் இதையும் கொசுறாகச் சேர்த்துத் தர முடியும். சட்டத்துக்காக மட்டும் வாங்கும் கார் கம்பெனி, தேர்வில் பாஸாகக்கூடிய மிக மலிவான சரக்கைத்தான் தேடும்.

நாலு ரூபாய் என்பதை மலிவு என்று நினைக்கிறீர்கள். நம்மில் பலருக்கும் இருக்கும் மயக்கம்தான். சீயிங் மெஷின்ஸ் வெளியிட்டிருக்கும் பங்குகள் 400 கோடிக்கு மேல். ஒரு பங்கு 4 பென்ஸ் என்று வைத்தால், 400 கோடிப் பங்குக்கு மொத்த விலை 16 கோடி பவுண்டு. நீங்கள் வாங்குவது நாலு ரூபாய்ச் சரக்கல்ல, 16 கோடி பவுண்டு கம்பெனியில் ஒரு பொடி. இனி எதிர்ப்பக்கம். கணக்குக்காக ஒரு காருக்கு 10 டாலர் ராயல்டி, வருடத்துக்குப் பத்து லட்சம் கார் என்று வைப்போம். ஒரு கோடி டாலர். அதை 400 கோடியால் வகுத்தால் பங்குக்குக் கால் சென்ட். சம்பளமும் வாடகையும் வரியும் போவதற்கு முன்னால் இது. உண்மையில் இவர்களுடைய தொழில்நுட்பம் ஏறிய கார்களின் மொத்த எண்ணிக்கையே பத்து லட்சத்தைத் தொட்டது 2023-ல்தான். 2024 ஜூனோடு முடிந்த நிதியாண்டில் வருமானம் ஏறக்குறைய 6.8 கோடி டாலர். அந்த வருடமும் நஷ்டம்தான்.

அந்த வருமானம் முழுக்க ராயல்டி என்றும் நினைத்துவிடாதீர்கள். லாரிகளில் பொருத்தும் கார்டியன் என்ற கருவியையும் அதற்கான கண்காணிப்புச் சேவையையும் அவர்கள் விற்கிறார்கள். அதில் சரக்கு, ஸ்டாக், ரிப்பேர் எல்லாம் உண்டு. இன்னொரு பகுதி பொறியியல் வேலைக்கான கட்டணம். மற்றொன்று, 2022 அக்டோபரில் கனடாவின் உதிரிபாகக் கம்பெனி மேக்னாவுடன் போட்ட ஒப்பந்தம். பின்பார்வைக் கண்ணாடியில் பொருத்தும் தனியுரிமைக்கு (வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற உரிமைக்கு) மேக்னா 1.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதோடு, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடனாக 4.75 கோடி டாலர் வரை. முதல் தொகை வருமானக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒருநாள் நின்றுவிடும். இரண்டாவது தொகையைப் பணமாகத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பங்காகக் கொடுக்க வேண்டும். ‘6.5 கோடி டாலர் ஒப்பந்தம்’ என்ற தலைப்பைப் படித்தவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் கண்ணில் பட்டிருக்காத ஒரு கம்பெனி இபியோ. பங்குச்சந்தைக்கு வராதது, ஹாம்பர்க்கில் 1998-ல் தொடங்கியது. லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் அவர்கள் தொழில். அவர்களுடைய தொழில்நுட்பத்தில் பிரான்ஸின் வலேயோ செய்த ஸ்காலா கருவிதான் 2017-ன் ஆடி ஏ8 வழியாக, விற்பனைக்கு வந்த காரில் ஏறிய முதல் லைடார். 2016-ல் ஜெர்மனியின் பெரிய உதிரிபாகக் கம்பெனி இசட்எஃப் இபியோவில் நாற்பது சதவீதம் வாங்கியிருந்தது. உலகில் முதலிடம், பெரிய உரிமதாரர், பணக்காரப் பங்காளி. ஒரு முதலீட்டாளர் இதற்குமேல் என்ன கேட்பார்? 2022 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் மைக்ரோவிஷன் அதன் சொத்துகளை வாங்கியது, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி யூரோவுக்கு. ஸ்காலாவை வலேயோ தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருந்தது. கியூபெக்கின் லெடார்டெக்கும் மென்பொருள் உரிமம் என்று சொல்லித்தான் 2023 டிசம்பரில் நாஸ்டாக்கில் நுழைந்தது. 2025 ஜூனில் திவால்.

இதனால் சீயிங் மெஷின்ஸும் அப்படிப் போகும் என்று சொல்லவில்லை. அவர்களுடைய தொழில்நுட்பம் நல்லது என்றே நினைக்கிறேன். உங்கள் தரக்கட்டுப்பாட்டுக் கண் அதை நல்லது என்று சொன்னதும் சரி. ஆனால் சரக்கு ஜெயிப்பது வேறு, அதைச் செய்த கம்பெனி பிழைப்பது வேறு, அந்தக் கம்பெனியின் பழைய பங்குதாரருக்குக் காசு மிஞ்சுவது வேறு. ஒவ்வொரு முறை பணம் தீரும்போதும் புதுப் பங்கு அச்சடித்தால், கேக் பெரிதானாலும் உங்கள் துண்டு மெலிந்துகொண்டே போகும்.

ஆகவே கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். முன்பக்கத்துப் பளபளப்புப் படங்களைத் தள்ளிவிட்டு, பின்னால் பங்கு மூலதனம் பற்றிய குறிப்பைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு எத்தனை பங்கு இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ராயல்டி வருமானத்தை மட்டும் தனியாக எழுதுங்கள், பொறியியல் கட்டணமும் தனியுரிமைத் தொகையும் சேர்க்காமல். இரண்டாவது வரிசை முதலாவதைவிட வேகமாக ஏறுகிறதா? பிறகு கையிருப்புப் பணத்தை, மாதம் கரையும் தொகையால் வகுங்கள். எத்தனை மாதம் வருகிறது? பன்னிரண்டுக்குக் கீழே வந்தால், அடுத்த பங்கு வெளியீடு வரும்வரை காத்திருப்பதில் உங்களுக்கு ஒன்றும் குறையாது. பெரும்பாலும் அது சந்தை விலைக்குக் கீழேதான் வரும்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். பணம் உங்களுடையது, கணக்கு அவருடையது. லாபம் வந்தால் வரி யாருக்கு? நஷ்டம் வந்தால் பேச்சு யாருக்கு? ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை சட்டப்படி வெளியே அனுப்பலாம். உங்கள் ஆறு லட்சம் ரூபாய் அதில் ஒரு துளி. நம்மூர் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையோடு நின்றுவிடும், லண்டன் பங்குக்கு வெளிநாட்டு புரோக்கரிடம் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறக்க வேண்டும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வருடா வருடம் காட்டவும் வேண்டும். அலுப்பான வேலைதான். மைத்துனரோடு மனஸ்தாபம் வருவதைவிட இது பரவாயில்லை.

கடைசியாக, நான் வாங்குவேனா என்று கேட்டீர்கள். மாட்டேன். 2013-ல் இதே மாதிரி ஒரு சென்சார் உரிமக் கம்பெனியின் பங்கை, அமெரிக்காவில் பட்டியலானது, 600 வாங்கினேன். நானும் பொருளைப் பார்த்து மயங்கியவன்தான். விலை விழுந்து, சந்தையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் பத்துப் பங்கைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். சில வருடம் கழித்து, மறுபடியும் ஐந்தைச் சேர்த்து ஒன்று. இப்போது என் கணக்கில் 12 பங்கு இருக்கிறது. விற்றால் வருவதைவிட, பணத்தை இங்கே கொண்டுவர வங்கி பிடிக்கும் கட்டணம் அதிகம் என்பதால் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதை நிரப்பும்போது ஆடிட்டர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

அந்தத் தாளை எழுதி முடித்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.