அகத்தியிலிருந்து (லட்சத்தீவு) போர்ட் பிளேருக்குத் தூரம் எவ்வளவு? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் சுமார் 2,240 கி.மீ. ஜெட் விமானம் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தூரம் காட்டும் இணையதளங்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லும். ஆனால் அந்தக் கோட்டில் நேராகப் பறக்கிற பயணிகள் விமானம் எதுவும் இல்லை. நான் பெங்களூர்வாசி, இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அகத்தி ஏறக்குறைய 72.2 பாகை கிழக்கு, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 92.7. இரண்டுமே 11-ஆம் அட்சரேகையை ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கே ஒரு பாகைக்கு 109 கி.மீ. இடைப்பட்ட 20.5 பாகையை அதோடு பெருக்கினால் தூரம் வந்துவிடும். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள்: கோவை பக்கமாக வந்து, சீர்காழி அருகே கரையைத் தாண்டி வங்கக்கடலுக்குள் போகும். தமிழ்நாட்டுக்கு மேலேயே போகிற வழி!

சிக்கல் அகத்தியின் ஓடுபாதையில். நீளம் சுமார் 1,200 மீட்டர்தான், அதற்கப்புறம் கடல். பெரிய ஜெட் இறங்காது. இறங்குவது ஏடிஆர் போன்ற சின்ன விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு 1,500 கி.மீ. வரைதான் பறக்கும். போர்ட் பிளேர் எட்டாது.

ஆகவே பெங்களூரில் மாறிப் போவதுதான் என் சிபாரிசு. அகத்தி–பெங்களூர் சுமார் 660, பெங்களூர்–போர்ட் பிளேர் சுமார் 1,640. கூட்டினால் 2,300. நேர்வழியைவிட 60 கி.மீ.தான் அதிகம்! முதல் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள், அடுத்தது இரண்டரை மணி அளவில். கொச்சி வழியாகவும் போகலாம்.

நேரத்தைத் தின்பது காத்திருப்புதான். இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது உங்களுக்காக நிற்காது. ஓர் இரவு பெங்களூரில் தங்கிவிட்டு, காலை விமானத்தில் அந்தமான் போங்கள். காரணம் இருக்கிறது: கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், சூரியன் போர்ட் பிளேரில் அகத்தியைவிட சுமார் 1 மணி 20 நிமிடம் முந்தி. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அங்கே இருக்கும் என் சித்தி போனில் “விளக்கு ஏத்தியாச்சுடா” என்பார். பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மதியம் கழித்து இறங்கினால் அன்றைய நாள் போச்சு.

ஏடிஆரில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தீவைச் சுற்றியுள்ள பச்சைக் காயல் முழுசாகத் தெரியும்.

லட்சத்தீவுக்குள் நுழைய வெளியூர்க்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.