வட்டபுளுவ வாள்பிடியை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பண்டாரவளையில் கடை வைத்திருக்கிறேன். பழைய போர்ப் பொருட்களைச் சேர்ப்பதில் எனக்குத் தீராத பைத்தியம். தென்னாபிரிக்காவில் பிரித்தானியருடன் போரிட்டுப் பிடிபட்டு, தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டிருந்த போயர் கைதி ஒருவர் செதுக்கிய மரப்பெட்டி, தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. போன மாதம் கண்டியில் ஒருவரிடம் ஒரு வாள்பிடியும் இரண்டு ஈயக் குண்டுகளும் வாங்கினேன். 1803இல் பிரித்தானிய அதிகாரி மேஜர் டேவியின் படை கண்டிப் படையிடம் அழிந்த, கண்டிக்கு அருகே வட்டபுளுவ மகாவலி ஆற்றங்கரையில் ஐந்து வருடங்களுக்கு முன் தோண்டியெடுத்தவை என்று கையெழுத்திட்டுக் கடிதமும் தந்தார். கனடாவிலுள்ள மைத்துனர் நல்ல விலைக்குக் கேட்கிறார். அனுப்பலாமா ஐயா?

பதில்: அனுப்பாதீர்கள். விற்கவும் வேண்டாம்.

உங்கள் பைத்தியம் எனக்குப் புரிகிறது. கதை இல்லாவிட்டால் அது துருப்பிடித்த இரும்பு; மகாவலியைக் கடக்க முடியாமல் கரையில் மாட்டிக்கொண்ட சிப்பாயின் கையில் இருந்தது என்றதும் கீழே வைக்க மனம் வராது. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது அந்தக் கதைக்குத்தான். வழக்கு என்று வந்தால் உங்களுக்கு எதிராக முதலில் பேசப்போவதும் அதுவே.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் எது தொல்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது; அதற்கு முந்தியவையே தொல்பொருள். கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்ட 1803 உள்ளே விழுகிறது. பிரித்தானியருக்கு எதிரான 1818 ஊவாக் கிளர்ச்சிக்காலப் பொருள் என்றால் வெளியே நிற்கும். மண்ணிலும் ஆற்றிலும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருட்கள் அரசின் சொத்து. காணி யாருடையது என்பதால் அது மாறாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவதும் குற்றம். ‘ஐந்து வருடங்களுக்கு முன் தோண்டினேன்’ என்று எழுதிக்கொடுத்த மனிதர் தன்னுடையதல்லாத ஒன்றை உங்களுக்கு விற்றிருக்கிறார். பாட்டன் வீட்டுப் பெட்டியில் 1940க்கு முன்பே இருந்தது என்று காட்ட முடிந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பொருள் போலியாகவும் இருக்கலாம். டேவியின் வாள் என்று சொல்லி விற்பவர்களை நம்பினால், அவரது படை உண்மையில் இருந்ததைவிடப் பெரிதாகிவிடும்.

போயர் பெட்டி 1900க்குப் பிந்தியது. பயமில்லாமல் வீட்டில் வைத்திருங்கள். கடல் கடந்து அனுப்புவதானால் கலாசாரச் சொத்துகள் பற்றிய 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே வரலாம். முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். நீங்கள் தோண்டவில்லை, விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சான்று அதுதான். ஒரு சட்டத்தரணியுடன், கடிதத்தையும் பொருட்களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே திணைக்களத்துக்குப் போங்கள். கொடுத்த பணத்தை விற்றவரிடம் திருப்பிக் கேட்பதைப் பிறகு பார்ப்போம்.