பிரீமியரை நீக்கி மறுபடி நிறுவியும் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோவது ஏன்?

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நீங்கள், எடிட் முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக வெளியெடுக்கும் எக்ஸ்போர்ட் பாதியில் அடோபி பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் மூடிக்கொள்கிறது என்றும், மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தர்மபுரியில் இதே தொழிலில் இருந்துகொண்டு, தெரிந்த ஸ்டுடியோக்களின் கணினிகளையும் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மறுபடி நிறுவியும் சரியாகவில்லை என்பதாலேயே எனக்கு ப்ளக்இன்கள், அதாவது பிரீமியரோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள், மீது சந்தேகம் வலுக்கிறது. வெளியார் தயாரித்த ப்ளக்இன்கள் பெரும்பாலும் பிரீமியரின் சொந்த ஃபோல்டரில் இருப்பதில்லை. சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அடோபி, காமன், ப்ளக்-இன்ஸ், 7.0 என்று வரிசையாக உள்ளே போனால் மீடியாகோர் என்ற ஃபோல்டர் இருக்கும். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டுக்கும் அது பொது. பிரீமியரை நீக்கினாலும் அதில் இருப்பவை அப்படியே தங்கிவிடும், புதிதாக நிறுவியதும் மீண்டும் வந்து ஏறிக்கொள்ளும்.

முதலில் புராஜெக்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிரீமியரை மூடிவிட்டு, மீடியாகோரில் உள்ளவற்றை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே பிரீமியரைத் திறந்து, ப்ளக்இன் கேஷை (ப்ளக்இன்களைப் பற்றி பிரீமியர் சேமித்து வைத்திருக்கும் தற்காலிகப் பதிவை) அழித்துவிட்டு, நகலை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எஃபெக்டுகள் காணவில்லை என்று சொல்லும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். எக்ஸ்போர்ட் முடிந்தால் குற்றவாளி அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. அப்போதும் மூடிக்கொண்டால், புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை 'சாஃப்ட்வேர் ஒன்லி', அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் உதவியின்றி வீடியோவை உருவாக்கும் முறை, என்று மாற்றிப் பாருங்கள். அதில் ஓடினால் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கவனிக்க வேண்டும்.

சிக்கல் மீடியாகோரில்தான் என்று தெரிந்தால், அடுத்து ப்ளக்இன்களைப் பாதி பாதியாகத் திரும்ப வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு ப்ளக்இன் கெட்டிருந்தால் இந்த வழி விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு ப்ளக்இன்கள் ஒன்றோடொன்று மோதும்போது, ஒன்று இந்தப் பாதியிலும் மற்றொன்று அந்தப் பாதியிலும் இருந்துவிட்டால், இரண்டு பாதிகளும் தனித்தனியே நன்றாகவே ஓடும். பலர் இந்த இடத்தில்தான் குழம்பிக் கைவிடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் முதல் பாதியை மீடியாகோரிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். காவேரிப்பட்டணத்து ஸ்டுடியோ ஒன்றில் இப்படித்தான், இரைச்சல் நீக்கும் ப்ளக்இன் ஒன்றும் டிரான்சிஷன் தொகுப்பு ஒன்றும் தனியே ஒழுங்காக வேலை செய்தன. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த வரவேற்புக் காட்சியில் இரண்டும் ஒரே கிளிப்பில் சேர்ந்ததும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி மென்பொருள் மூடிக்கொண்டது. இரைச்சல் நீக்கிய கிளிப்புகளைத் தனி ஃபைலாக ரெண்டர் செய்து, அவற்றை டைம்லைனில் வைத்து, அதன் மேல் டிரான்சிஷன் போட்டதும் சிக்கல் தீர்ந்தது. இரண்டு ப்ளக்இன்களில் எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

பென்டிரைவில் கைமாறி வரும் 'ஆல் இன் ஒன்' தொகுப்பு ஏதேனும் உங்கள் கணினியில் இருந்தால், சோதனையை அதிலிருந்து தொடங்குங்கள். பழைய டிஎல்எல் ஃபைல்களை (மென்பொருள்கள் இயங்கப் பயன்படுத்தும் துணை ஃபைல்களை) கண்ட இடத்தில் போட்டு வைப்பது அவற்றின் வழக்கம்.

கணினியில் நடக்கும் கோளாறுகளைப் பதிவு செய்யும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, மூடிக்கொண்ட நேரத்துக்குரிய பதிவில் 'ஃபால்டிங் மாட்யூல்' (கோளாறு நேர்ந்த ஃபைல்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஒரு ப்ளக்இனின் பெயர் இருந்தால் மேலே சொன்ன சோதனையை அதிலிருந்தே தொடங்கலாம். விண்டோஸின் சொந்த ஃபைல் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.