கேளுங்கள், சொல்கிறேன்: சிலிக்காவில் பிளாட்டினம் ஏன் கட்டியாகிறது?

கேள்வி: வினையூக்கி தயாரிக்க, குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலை அலுமினாத் (அலுமினிய ஆக்சைடு) தூளில் ஏற்றி, உலர்த்தி, ஹைட்ரஜனில் ஒடுக்கி உலோகமாக்கினேன். 2 நானோமீட்டர் துகள்கள் கிடைத்தன. அதே கரைசலைச் சிலிக்காவில் (சிலிக்கன் ஆக்சைடு) ஏற்றினால் 20 நானோமீட்டர் கட்டிகள்! இத்தனைக்கும் பரப்பளவு சிலிக்காவுக்குத்தான் அதிகம். (ஆய்வு மாணவி ஒருவர்)

பதில்: பரப்பளவை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வீடு பெரிதாக இருந்தால் போதுமா, வந்தவரை உட்காரச் சொல்ல ஆள் வேண்டாமா?

தண்ணீரில் இந்த ஆக்சைடுகளின் மேற்பரப்பு புரோட்டானை ஏற்கும், அல்லது இழக்கும். காமா அலுமினாவின் நிகர மின்சுமை பி.எச். 8-ஐ ஒட்டிச் சுழியாகிறது. சிலிக்காவுக்கு அது 2, 3 அளவிலேயே நேர்ந்துவிடுகிறது. உங்கள் கரைசலோ அமிலம். அதில் அலுமினா நேர்மின்சுமை பெற்று நிற்கும். ஆறு குளோரைடுகளைச் சுமந்து வரும் பிளாட்டினம் எதிரயனி, போய் ஒட்டிக்கொள்கிறது. சிலிக்காவில் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தூளின் நுண்துளைக்குள் நுழைந்தாலும் நீரில் மிதந்தபடியேதான் இருக்கிறது. உலர்த்தும்போது நீர் நகரும் பக்கமெல்லாம் உப்பும் நகர்ந்து, கடைசியாக வற்றும் இடத்தில் குவிகிறது. ஹைட்ரஜன் அந்தக் குவியலை உலோகமாக்கும், பிரித்துவைக்காது. நீங்கள் ஹைட்ரஜனில் ஒடுக்கிய உலையைச் சந்தேகித்திருப்பீர்கள். காரியம் அதற்கு முன்பே கெட்டுவிட்டது.

நஷ்டம் சிறிதல்ல. 2 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ பாதி அணுக்கள் வெளிப்பரப்பில் இருக்கும். 20 நானோமீட்டர் துகளிலோ இருபதில் ஒன்றுதான். வினை நடப்பது வெளிப்பரப்பில்தான். மற்ற பிளாட்டினமெல்லாம் உள்ளே சும்மா கிடக்கும்.

ஆகவே அயனியை மாற்றுங்கள். நான்கு அம்மோனியா மூலக்கூறுகளைச் சுமந்து வரும் டெட்ராஅம்மீன் பிளாட்டினம் நேரயனி. அம்மோனியாவால் பி.எச். 10 அளவுக்குக் கொண்டுவந்தால் சிலிக்கா எதிர்மின்சுமை பெற்று அதை இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போகாதீர்கள், சிலிக்காவே கரையத் தொடங்கும். இன்னொன்று: தூளைப் போடுவதற்கு முன் பி.எச். அளந்து நோட்டில் எழுதுவது வெறும் சடங்கு. தூள் விழுந்ததும் கரைசலின் பி.எச்.-ஐத் தன் சுழிப்புள்ளியின் பக்கம் இழுத்துவிடும். கலக்கியபின் அளந்து, தேவையானால் மீண்டும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: துளை நிரம்பும் அளவுக்கு மட்டும் கரைசல் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். அந்த அளவை எப்படி அறிவது?

பதில்: உலர்ந்த தூளை எடைபோட்டு, முதலில் வெறும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் கோலால் கிளறுங்கள். வெகுநேரம் தூள் ஈரமே இல்லாததுபோல உதிரியாகவே இருக்கும். நீரெல்லாம் துளைக்குள் போகிறது. பிறகு சில சொட்டுகளிலேயே நிலை மாறும்: தூள் கட்டிப்பட்டுக் கோலில் ஒட்டும், மேலே ஒரு பளபளப்புத் தெரியும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். 1 கிராமுக்கு 0.8 மில்லிலிட்டர் பிடித்தால், 5 கிராமுக்கு 4 மில்லிலிட்டர். தேவையான உலோக உப்பு முழுவதும் அந்த 4 மில்லிலிட்டரில் கரைய வேண்டும். கரையாவிட்டால் இரண்டு தவணையாக ஏற்றி, நடுவில் உலர்த்துங்கள்.

கேள்வி: 400 டிகிரி செல்சியஸில் என் தங்கத் துகள்கள் பெருத்துவிட்டன. பிளாட்டினம் மட்டும் எப்படித் தாங்குகிறது?

பதில்: உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். அந்த வெப்பத்தை ஒட்டி உலோக அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. தங்கத்துக்கு அது சுமார் 395 டிகிரி செல்சியஸ், பிளாட்டினத்துக்கு 750-ஐ ஒட்டி. நானோ துகள்கள் அதற்கும் முன்பே நகரலாம். தங்கத்தைக் குளோரைடு உப்பிலிருந்து ஏற்றினீர்களா? மிச்சமிருக்கும் குளோரைடு துகள்களை இன்னும் சீக்கிரம் ஒன்றுசேர்க்கும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் கலங்கக் கூடாது. கலங்கினால் மறுபடி கழுவுங்கள்.

கேள்வி: கரியில் ஏற்றிய பலேடியத்தை ஹைட்ரஜனேற்றத்துக்குப் பின் வடிகட்டும்போது தீப்பொறி பறந்தது. பயந்துவிட்டேன்.

பதில்: பயந்தது நல்லது. ஹைட்ரஜனை உறிஞ்சிவைத்திருக்கும் அந்தக் கரி, காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றும். பக்கத்தில் மெத்தனால் இருந்தால் கேட்கவே வேண்டாம். வடிதாளில் உறிஞ்சிக் காய விடாமல், ஈரத்தோடு இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்குள்ளேயே எடுத்துவையுங்கள். புதிய வினையூக்கியைப் போடும்போதும் குடுவையில் முதலில் நைட்ரஜனை நிரப்புங்கள்.