தேர்ப் படங்களை எங்கே வைப்பது? இணைய கேலரி பற்றிக் கேள்வி பதில்

ஆனித் தேரோட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்துவிட்டது. நம் ஆட்கள் எடுத்த படங்கள் இன்னும் மெமரி கார்டில்தான் கிடக்கின்றன. இணைய கேலரி மென்பொருள்களில் வந்திருக்கும் புது வசதிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டவுன், தெற்கு ரதவீதி: அண்ணாச்சி, தேர்ப் படம் 1,400 இருக்கு. எந்த மென்பொருள்ல போடலாம்?

ஒரே ஆள், ஒரே திருவிழா என்றால் ஜேஆல்பம் போதும். உங்கள் கணினியிலேயே பக்கங்களைத் தயார் செய்து கொடுத்துவிடும். அதை அப்படியே தளத்தில் ஏற்றலாம், தரவுத்தளம் ஒன்றும் வேண்டாம். பல பேர் சேர்ந்து வருஷா வருஷம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் பிவிகோ. அது சர்வரில் தரவுத்தளத்தோடு ஓடுகிறது, 2002-லிருந்து இருக்கிறது. எதை எடுத்தாலும் 1,400-ஐயும் போடாதீர்கள். 80 படம் பொறுக்கிப் போட்டால் பார்ப்பார்கள்.

பேட்டை: என் கேலரி திறக்க ஒரு யுகம் ஆகுது. புதுசா ஏவிஃப்னு ஒரு பட வடிவம் வந்திருக்காமே, மாறலாமா?

மாறலாம். ஆனால் வேகம் அதனால் மட்டும் வராது. முதலில் பாருங்கள்: கேமராவிலிருந்து வந்த 8 எம்பி படத்தையே பக்கத்தில் போட்டிருக்கிறீர்களா? இப்போதைய மென்பொருள்கள் ஒரு படத்தை நாலைந்து அளவில் செய்து வைக்கும். போனில் பார்ப்பவருக்குச் சின்னது, பெரிய திரைக்குப் பெரியது என்று பிரவுசரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கீழே உருட்ட உருட்டத்தான் அடுத்த படம் இறங்கும். இந்த இரண்டையும் இயக்கினாலே பாதி வலி போய்விடும்.

அப்புறம்தான் வெப்பி, ஏவிஃப் என்ற பட வடிவங்கள். சஃபாரி வெப்பியை 2020-லும் ஏவிஃப்பை 2022-லும் ஏற்றுக்கொண்டது. 2024 தொடக்கத்தில் எட்ஜும் ஏவிஃப்புக்கு வந்துவிட்டது. ஆக, பிரவுசர் பிரச்சினை இப்போது இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். ஏவிஃப்பில் தரத்தை ரொம்பக் குறைத்தால் படம் உடையாது, வழவழவென்று ஆகிவிடும். தேர் வடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புரி புரியாகத் தெரிய வேண்டிய கயிறு பிளாஸ்டிக் குழாய் மாதிரி இருந்தால், தரத்தை ஏற்றுங்கள்.

மேலப்பாளையம்: படத் தகவல்ல ஊர்ப் பெயர் இடத்துல தமிழ்ல 'திருநெல்வேலி'ன்னு எழுதினா கடைசி எழுத்து மட்டும் கட்டமா வருது. ஃபாண்ட் கோளாறா?

ஃபாண்ட் இல்லை தம்பி. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

படத்துக்குள் தகவல் எழுத இரண்டு இடம் உண்டு. பழையது ஐபிடிசி, பிறகு வந்தது எக்ஸ்எம்பி. ஐபிடிசியில் ஊர்ப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 32 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால் அவர்களுக்குத் தாராளம். தமிழ் யூனிகோடில் எழுத்துக்கும் அதோடு ஒட்டும் குறிக்கும் தனித்தனியாக மூன்று மூன்று பைட். 'தி' என்றால் த-வும் கொக்கியும், ஆறு பைட். எண்ணிப் பாருங்கள்: தி, ரு, நெ, ல், வே, லி. ஆறு எழுத்து, 36 பைட். நம் ஊர்ப் பெயர் அந்த இடத்தில் கொள்ளவே கொள்ளாது. 'திருநெல்வே' வரைக்கும் போய், மிச்சம் இரண்டு பைட்டில் அரைகுறையாக ஏதோ நிற்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் கட்டம். பாளையங்கோட்டை 39, அம்பாசமுத்திரம் 45, அவையும் வெட்டுப்படும். தென்காசிக்காரர்கள் தப்பித்தார்கள், 24-தான்.

எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு கிடையாது. எனவே டிஜிகேம், லைட்ரூம் மாதிரி படங்களை அடுக்கும் மென்பொருளில் ஊர், விளக்கம் எழுதினால் அது எக்ஸ்எம்பியாகப் படத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். கேலரி மென்பொருள் இரண்டில் எதை முதலில் படிக்கிறது என்பதையும் ஒரே ஒரு படத்தை ஏற்றிச் சோதியுங்கள். ஆயிரம் படத்தை ஏற்றிவிட்டுச் சோதிக்காதீர்கள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பிவிகோ மாதிரியான மென்பொருளில் நீங்கள் உட்கார்ந்து எழுதும் தலைப்பெல்லாம் தரவுத்தளத்தில்தான் தங்கும், படத்துக்குள் போகாது. நான் ஒரு கோயிலின் கொடை விழாவுக்கு ஆறு வருஷப் படங்களுக்குப் பெயர் எழுதி வைத்திருந்தேன். சர்வர் கொடுத்தவர்கள் கடையை மூடினார்கள். படம் என்னிடம் இருந்தது, பெயர் போய்விட்டது. அதில் கணியான் கூத்து ஆடிய பெரியவர்கள் மூன்று பேர் இப்போது இல்லை. யார் யார் என்று சொல்லவும் ஆள் இல்லை. படத்துக்குள் எழுதுங்கள். திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வள்ளியூர்: எது நல்ல மென்பொருள்?

முதல் பதிலைப் பாருங்கள்.

வண்ணார்பேட்டை ஸ்டுடியோ: கல்யாண வீட்டார் ஆன்லைன்லயே ஆல்பம் செலக்‌ஷன் பண்ண வசதி வேணும்.

கடவுச்சொல் போட்ட தனி ஆல்பம், படத்துக்குப் படம் இதயக்குறி அல்லது நட்சத்திரம், இது இருந்தால் போதும். செலக்‌ஷன் முடிந்ததும் ஆல்பத்தை எடுத்துவிடுங்கள். ஒரிஜினலை இறக்கும் பட்டனை அணைத்து வையுங்கள். வீட்டில் போனில் எடுத்த படம் என்றால் அதில் வீட்டின் இருப்பிடமே இருக்கும்.

பாளை, கல்லூரி மாணவி: அண்ணா, தமிழ்ல தேடினா படம் வர்ற மாதிரி ஏதும் வந்திருக்கா?

வந்திருக்கிறது தங்கச்சி. இமிச் என்ற மென்பொருளில் 'ஆற்றில் குளிக்கும் யானை' என்று எழுதினால், தலைப்பே எழுதாத படத்தைக்கூட அது பார்த்துப் புரிந்துகொண்டு எடுத்துத் தரும். முகங்களையும் சேர்த்து அடுக்கும். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். ஆனால் படத்தைப் புரிந்துகொள்ள அதில் முதலில் வரும் ஏஐ மாடல் ஆங்கிலத்துக்குப் பழகியது. அமைப்புகளில் பல மொழி தெரிந்த மாடலுக்கு மாற்றிவிட்டு, எல்லாப் படங்களையும் மறுபடி ஓடவிட வேண்டும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். முகத்துக்குக் கொடுக்கும் பெயர்கள் தரவுத்தளத்தில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நாங்குநேரி: பறவைப் படம் எடுக்கறவன் அண்ணாச்சி. வரைபட வசதியை ஆன் பண்ணினேன், ஒவ்வொரு படமும் எடுத்த இடத்துலயே குத்தி நிக்குது. அருமையா இருக்கு!

அணைத்துவிடுங்கள் தம்பி. இன்றைக்கே.

நாங்குநேரி: ஏன் அண்ணாச்சி? மக்கள் வந்து பாத்தாதானே காப்பாத்தணும்னு தோணும்? கூந்தன்குளத்தை ஊரேதானே காப்பாத்துது.

கூந்தன்குளத்தைத் தாராளமாகப் போடுங்கள். அங்கே சங்குவளை நாரை வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகிறது, ஊரே காவல். கிருஷ்ணாபுரம் சிலைகளைப் போடுங்கள், திருப்புடைமருதூரைப் போடுங்கள். காவலுக்கு ஆள் இருக்கிற இடம் அவை. நான் பேசுவது காவல் இல்லாத இடத்தை. கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில் வெறுந்தரையில் முட்டையிடும். ஒரு குன்றில் எடுத்த படத்தை இருப்பிடத்தோடு நான் போட்டேன். பதினைந்து நாளில் டார்ச்சும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். மறுமுறை போனபோது இடுக்கில் இறகு இரண்டு கிடந்தது, ஆந்தை இல்லை. அந்தக் குன்றின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன்.

அம்பை ஆசிரியர்: இருப்பிடத்தை முழுதாக எடுக்காமல் எண்ணைக் குறைத்தால் போதாதா?

நல்ல யோசனை சார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், மரத்தடிக்கே கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். கூட்டுக்கு அதுவும் போதாது என்பேன். உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கு 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் காட்டுகிறார்கள், இருபது கிலோமீட்டர் கணக்கு.

நாங்குநேரி: அப்ப ஆராய்ச்சிக்குத் துல்லியம் வேண்டாமா? நீங்கதானே எல்லாத்தையும் படத்துக்குள்ள எழுதச் சொல்றீங்க?

சரியான கேள்வி. வீட்டில் இருக்கும் அசல் கோப்பில் துல்லியமாக இருக்கட்டும், யாராவது ஆய்வுக்குக் கேட்டால் கொடுங்கள். இணையத்துக்குப் போகும் நகலில் பெயர், மாதம், தாலுகா மட்டும். வரைபடத்தை அணைத்தால் குத்துமுள் மறையும், கோப்புக்குள் எண் அப்படியே இருக்கும். அதனால் ஏற்றுமதி செய்யும்போதே இருப்பிடத்தை நீக்குங்கள்.

நாங்குநேரி: சரி அண்ணாச்சி. கூந்தன்குளம் தவிர மத்ததை எடுத்துட்டேன்.

ரொம்ப சந்தோஷம் தம்பி.

கூடங்குளம்: ட்ரோன் படம் எடுக்க எங்க அனுமதி வாங்கணும்?

என் துறை இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது, காவல் நிலையத்தில் கேட்காமல் பறக்கவே விடாதீர்கள்.

களக்காடு: வாட்டர்மார்க் போடலாமா?

ஓரத்தில் சின்னதாக. சாமி முகத்தின் மேல் வேண்டாம்.

தாழையூத்து: கூகுள் போட்டோஸ் போதாதா? இல்லைன்னா எந்த மென்பொருள் நல்லது?

2021 ஜூன் 1-க்குப் பிறகு இலவசம் 15 ஜிபிதான். இரண்டாவது கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. கேட்கும் முன் படித்துவிடுங்கள்.

சேரன்மகாதேவி: அப்பா கூகுளின் பிகாசா பட மென்பொருளில் 2009-லிருந்து படங்களுக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. பிகாசாவும் 2016-ல் நின்றுவிட்டது. அந்தப் பெயர்கள் கிடைக்குமா ஐயா?

பெரும்பாலும் கிடைக்கும் அம்மா. ஜேபெக் படத்துக்கு எழுதிய தலைப்பை பிகாசா படத்துக்குள்ளேயே எழுதிவிடும். முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் நகல் எடுங்கள், அசலைத் தொட வேண்டாம். நகலை டிஜிகேமில் திறந்து, ஒரு படத்தில் 'கேப்ஷன்' (Captions) பகுதியைப் பாருங்கள். அப்பா எழுதியது அங்கே வரும். முகங்களுக்கு அவர் கொடுத்த பெயர் வேண்டுமென்றால், ஃபோல்டரில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். பிகாசா.இனி (.picasa.ini) என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். திறந்து பார்த்ததும் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், மீதியைச் சேர்ந்தே செய்வோம்.