பேக் பட்டன் ஃபோகஸ் கேள்வி பதில்: ஃபோகஸ கட்டைவிரலுக்கு மாத்தலாமா?

ஷட்டர் பட்டன்ல இருந்து ஃபோகஸ பிரிச்சு கேமராவுக்குப் பின்னாடி இருக்குற பட்டனுக்கு மாத்துறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, ஷட்டர பாதி அமுக்குனாலே ஃபோகஸ் ஆயிடுது, அப்புறம் எதுக்கு இன்னொரு பட்டன்?

பதில்: பாதி அமுக்குறப்ப ஒரே விரல் ரெண்டு வேலை பாக்குது தம்பி, ஃபோகஸும் அதுதான் க்ளிக்கும் அதுதான். ஒரு படம் எடுத்துட்டு விரல எடுத்து திரும்ப வச்சா கேமரா மறுபடியும் ஃபோகஸ் தேட ஆரம்பிச்சிரும், நடுவுல வேற யாராவது வந்தா அவங்க மேல போய் உக்காந்துரும். பின் பட்டனுக்கு மாத்திட்டா கட்டைவிரல் அமுக்குற வரைக்கும்தான் ஃபோகஸ் வேலை செய்யும், விட்டா லென்ஸ் அங்கயே நிக்கும், நீங்க எத்தன தடவ க்ளிக் பண்ணாலும் நகராது. இது ஒண்ணும் நேத்து வந்த விஷயமும் இல்ல, கேனன் 1989லயே ஈஓஎஸ் 630ல குடுத்துட்டாங்க. முக்கியமா, மாத்துன உடனே கேமராவ கண்டினியூவஸ் ஃபோகஸ்ல போட்டு அப்படியே விட்டுருங்க, அதாவது ஏஎஃப்-சி, கேனன்ல சர்வோ. அமுக்கிட்டே இருந்தா ஓடுறத தொரத்தும், விட்டா லாக். மோட் மாத்துற வேலையே இல்ல, என்னக் கேட்டா இதுக்காகவே மாறலாம்.

கேள்வி: என்கிட்ட நிக்கான் டி5600 இருக்கு, ஏஎஃப்-ஆன்னு ஃபோகஸுக்குன்னே இருக்குற தனி பட்டனே காணோம். என் ஃப்ரெண்டோட சோனி ஏ6400லயும் அப்படித்தான்.

பதில்: உங்களோடதுல ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டன் இருக்குல்ல, கஸ்டம் மெனுவுல அதுக்கு ஏஎஃப்-ஆன் குடுத்துட்டா போதும், ஷட்டர் தானா ஃபோகஸ விட்டுரும். சோனில ரெண்டு இடத்துல மாத்தணும், ஒரு பட்டனுக்கு ஏஎஃப் ஆன் குடுக்கணும், ‘ஏஎஃப் வித் ஷட்டர்’ங்கறத ஆஃப் பண்ணணும். இந்த ரெண்டாவத பல பேர் விட்டுட்டு ரெண்டு பட்டன்லயும் ஃபோகஸ் ஆகுதேன்னு குழம்புறாங்க. கேனன்காரங்க ஷட்டர் பட்டன வெறும் மீட்டரிங்குக்கு, அதாவது வெளிச்சம் அளக்குறதுக்கு மாத்திட்டு ஸ்டார் பட்டனுக்கோ ஏஎஃப்-ஆனுக்கோ ஃபோகஸ குடுங்க.

கேள்வி: தைப்பூசத்துக்கு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்ல நின்னு காவடிய படம் எடுக்குறேன், பாதி படத்துல குறுக்க போறவங்க தலைதான் ஷார்ப்பா இருக்கு. இது உதவுமா அக்கா?

பதில்: உதவும், இந்த மாதிரி இடத்துக்குன்னே வச்ச மாதிரி இருக்கும். பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி வந்துட்டே இருக்கும், கூட வர்ற குடும்பம், தண்ணி குடுக்குறவங்க, ஃபோன தூக்கிப் பிடிக்குறவங்கன்னு முன்னாடி யாராவது ஒருத்தர் இருந்துட்டேதான் இருப்பாங்க. காவடி எடுக்குறவர் உங்கள பாத்து நடந்து வர்றப்ப கட்டைவிரல அமுக்கியே வைங்க. குறுக்க ஆள் வந்தா விரல தூக்கிருங்க, ஃபோகஸ் அவர் இருந்த தூரத்துலயே நிக்கும், ஆள் நகர்ந்ததும் திரும்ப அமுக்குங்க. ரொம்ப தூரம் வந்திருக்க மாட்டார், கேமராவும் உடனே பிடிச்சிரும். அவர் நின்னு ஆடுறாருன்னு வைங்க, ஒரு தடவ பிடிச்சுட்டு விரல விட்டுட்டு முகத்த மட்டும் பாத்துட்டு இருங்க, அந்த கண்ணு தெறக்குற நேரத்துல க்ளிக் பண்ணுங்க. ஷட்டர்ல இருந்து ஒரு தயக்கமும் வராது. அப்புறம் ஒண்ணு, இது ஃபோட்டோ ஷூட் இல்ல, அவங்க விரதம் இருந்து வேண்டுதலுக்கு நடக்குறாங்க, பாதைய மறிக்காம ஓரமா நின்னு எடுங்க.

கேள்வி: நான் ரிட்டையர் ஆனவன்மா. சுங்கை பூலோல பறவை எடுப்பேன், கை கொஞ்சம் நடுங்கும். இந்த பட்டனுக்கு மாறுனதுல இருந்து நிக்கான் லென்ஸ்ல கை நடுக்கத்த சமாளிக்குற வைப்ரேஷன் ரிடக்ஷன் (விஆர்) வேலை செய்யலையோன்னு தோணுது.

பதில்: சரியா கவனிச்சிருக்கீங்க அங்கிள். நிக்கான் லென்ஸ்ல ஏஎஃப்-ஆன் மட்டும் அமுக்குனா விஆர் ஓடாது, ஷட்டர பாதி அமுக்குனாத்தான் ஓடும். அதனால கட்டைவிரல் ஃபோகஸ்ல இருக்கறப்பவே ஆள்காட்டி விரல ஷட்டர்ல லேசா அமுக்கி வைங்க, வ்யூஃபைண்டர்ல படம் நிதானம் ஆகுறது கண்ணுக்கே தெரியும். மீன்கொத்தி கெளையில உக்காந்திருக்கறப்ப ஒரு தடவ பிடிச்சு விட்டுருங்க, முன்னாடி இலை ஆடுனாலும் பயமில்ல. தண்ணிக்குள்ள பாயுறதுக்கு முன்னாடி தலைய சாய்ச்சுப் பாக்கும், அப்ப திரும்ப அமுக்க ஆரம்பிச்சுருங்க.

கேள்வி: மாறுனதுக்கு அப்புறம் என் போர்ட்ரெய்ட்தான் கெட்டுப் போச்சு. 85 எம்எம், எஃப் 1.4. கண்ணுல ஃபோகஸ் வச்சு விட்டுட்டு ஃப்ரேம் மாத்துறேன், காது ஷார்ப்பா வருது.

பதில்: பட்டன் மேல தப்பில்லமா. ஃபுல் ஃப்ரேம்ல 2 மீட்டர் தூரத்துல அந்த லென்ஸுக்கு தெளிவா இருக்குற ஆழம் மொத்தமே சுமார் 4.5 செ.மீ. தான், நீங்க ஃப்ரேம் மாத்துறதுக்குள்ள அவங்க கொஞ்சம் ஆடுனாலோ நீங்க சாஞ்சாலோ போச்சு. போர்ட்ரெய்ட்ல விரல விடாதீங்க, ஃபோகஸ் பாயிண்ட்ட கண்ணு மேல நகர்த்தி வச்சு அமுக்கிட்டே க்ளிக் பண்ணுங்க. பிடிச்சுட்டு விடுறதெல்லாம் எஃப் 5.6, எஃப் 8ல குரூப் படத்துக்கு.

கேள்வி: புது மிரர்லெஸ் கேமரால கண்ண தானா பிடிக்குற ஐ ஏஎஃப் இருக்கே, இன்னும் இது தேவையா?

பதில்: ஒரே ஆள், தெளிவான முகம்னா தேவையே இல்ல, ஷட்டர்லயே இருங்க. கூட்டத்துல எந்த கண்ணுன்னு கேமராவா முடிவு பண்ணும் பாருங்க, அங்கதான் ஒரு மனுஷனோட விரல் வேணும்.

கேள்வி: பழக எவ்ளோ நாள் ஆகும்? என் வீட்டுக்காரர்கிட்ட கேமராவ குடுத்தா எல்லாமே மங்கலா வருது.

பதில்: ஆரம்பத்துல கட்டைவிரல் மறக்கும், வேற எதையும் மாத்தாம தினமும் கொஞ்சம் எடுங்க, எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ ஓடுற பசங்களே போதும், கை தானா பழகிரும். வீட்டுக்காரருக்கு டயல்ல இருக்குற யு1, இல்லன்னா சி1ல பழைய ஷட்டர் ஃபோகஸ சேவ் பண்ணி வச்சு குடுக்கறப்ப அதுக்கு திருப்பிருங்க. கேமரால அந்த வசதி இல்லன்னா பச்சை ஆட்டோ மோட்ல குடுத்துப் பாருங்க, பல மாடல்ல அதுல ஷட்டர்லயே ஃபோகஸ் ஆகும்.

கேள்வி: மரினா பேல தேசிய தின வாணவேடிக்கை எடுக்கறப்ப லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிட்டே இருக்கு அக்கா.

பதில்: இருட்டுல பிடிக்க எதுவும் இல்லாம தேடுது. ட்ரைபாட்ல வச்சு, எதிர்ல மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல் வெளிச்சத்து மேல ஒரு தடவ கட்டைவிரலால ஃபோகஸ் பிடிங்க, ஸ்க்ரீன்ல பெருசாக்கி சரி பாத்துட்டு விரல எடுத்துருங்க. அதுக்கப்புறம் கடைசி வெடி வரைக்கும் ரிமோட்ல க்ளிக் மட்டும்தான். நடுவுல ஸூம மாத்துனா மட்டும் திரும்ப ஒரு தடவ பிடிக்கணும், நெறைய ஸூம் லென்ஸ்ல மாத்துனா ஃபோகஸ் நகர்ந்துரும்.