அக்ரோமெகாலிக்கு ஊசிதான் வழியா, மாத்திரை போதுமா?

"என் கணவருக்கு வயது 45. கை, கால், தாடை பெரிதாகி, அக்ரோமெகாலி என்று கண்டுபிடித்து, பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக அகற்றினார்கள். நான்கு மாதம் ஆகியும் ஐஜிஎஃப்-1 அதிகமாகவே இருக்கிறது. மாதம் ஒரு ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. மாத்திரை போதாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சிலருக்குப் போதும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரப்பதுதான் அக்ரோமெகாலி. அந்த ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் காட்டும் அளவுதான் ஐஜிஎஃப்-1. ரிப்போர்ட்டில் ஐஜிஎஃப்-1 அளவுக்குப் பக்கத்தில், அவர் வயதுக்குரிய உச்ச வரம்பு இருக்கும். அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்றால் கேபர்கோலின் மாத்திரையை முயன்று பார்க்கலாம். வாரத்தில் சில நாள் மட்டும் போடுவது, விலையும் குறைவு. குமட்டும் என்பதால் இரவு சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. ஆனால் இதை மட்டும் எடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அளவு சரியாகிறது. வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் மாத்திரையை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம் என்பேன்.

உங்கள் டாக்டர் சொல்வது அநேகமாக ஆக்ட்ரியோடைட் அல்லது லான்ரியோடைட். இரண்டுமே மிச்சக் கட்டியிலிருந்து ஹார்மோன் சுரப்பதை அடக்குபவை. ஆக்ட்ரியோடைட் மாத ஊசி பெரும்பாலும் 20 மி.கி.யில் தொடங்கும், பிட்டத்தில் போடுவார்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுக்க வேண்டும். பொடியைக் கலந்ததும் உடனே போட வேண்டும். தாமதித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும், அத்தனை பணமும் வீண். போட்டுப் பழகிய நர்ஸிடம் மட்டும் போடுங்கள்.

முதல் சில நாள் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். நாளடைவில் பித்தப்பைக் கல் உருவாகலாம். சர்க்கரை நோய் இருந்தால் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ஐஜிஎஃப்-1 பாருங்கள். வியர்வை, தலைவலி, விரல் வீக்கம் குறையும். ஆனால் வளர்ந்த எலும்பு பழையபடி ஆகாது, தாடையைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் பேசிரியோடைட் (சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவிடும்), தினமும் போடும் பெக்விசோமான்ட் என்று வேறு ஊசிகள் உண்டு.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். அளவு நன்றாகக் கட்டுப்பட்ட பிறகு, சிலருக்கு ஊசிகளின் இடைவெளியை ஆறு வாரம்வரை நீட்ட முடிகிறது. இதை நீங்களாகச் செய்யாமல், டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.